கண்டிச் சீமையில் துண்டு விலைபோன காலம்

ஒருவரோடு நேரடியாக எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ளாமல், அவரைப் பற்றிய விவரங்களைப் பல இடங்களிலிருந்து திரட்டிக் கோவையாக்கி, தேவைப்படுவோருக்கு விலைக்குக் கொடுக்கும் தொழில் இன்று தரவுத் தரகு எனப்படுகிறது. கணினியோடு பிறந்த தொழில் என்று இதைப் பலர் கருதினாலும், வணிகரின் கடன் நாணயத்தைப் பற்றிய குறிப்புகளைச் சேகரித்து விற்கும் நிறுவனத்தை லூயிஸ் தப்பன் என்பவர் நியூயோர்க்கில் 1841இலேயே தொடங்கிவிட்டார். இன்றைய கடன்தகவல் நிறுவனமான ஈக்விபாக்ஸின் மூல நிறுவனம் 1899இல் அத்லாந்தாவில் தோன்றியது. இத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்க நகரங்களோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1921 வரை, இலங்கையின் கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களையும் களமாகக் கொண்டு இதற்கு நெருங்கிய உறவான ஒரு சந்தை நடந்துவந்தது. மனிதர்களின் தொகையும் அவர்களது கடனும் எழுதப்பட்ட சிறு தாள் ஒன்று தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கைமாறிற்று. மாறிய ஒவ்வொரு முறையும் அதன் விலை ஏறிற்று. அதில் கணக்கிடப்பட்டிருந்தவர்களோ அதை வாசிக்க அறியாதவர்களாகவும், அந்த விலையில் ஒரு சதமேனும் பெறாதவர்களாகவும் இருந்தனர். தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் ஆங்கில ஏடுகளிலும் அத்தாள் துண்டு என்ற தமிழ்ப் பெயராலேயே வழங்கிற்று.

கண்டிக்கு ஆட்களைப் பற்றிய பதிவு புதிதன்று. கண்டி மன்னர் காலத்தில் நிலத்தை அனுபவிப்போர் அதற்கு ஈடாக அரசுக்குச் செய்ய வேண்டிய ஊழியம் இராசகாரியம் எனப்பட்டது; எந்த ஊரில் எந்த நிலப்பங்கை யார் அனுபவிக்கிறார், அதற்கு அவர் செய்ய வேண்டிய ஊழியம் யாது என்பதை எழுதிவைத்த ஏடுகள் லேகம் மிட்டி எனப்பட்டன; அவற்றைப் பேணிய கணக்கதிகாரிகள் லேகம் என அழைக்கப்பட்டனர். ஊழியம் கடுமையானதாக இருந்திருக்கலாம். ஆயினும் அந்த ஏட்டில் ஒருவருடைய பெயர் நிலத்தோடு கட்டுண்டிருந்ததேயன்றி விலையோடு கட்டுண்டிருக்கவில்லை. மாகாணத் தலைவரான ஒரு திசாவை தன் ஆட்சிக்குட்பட்டவர்களின் ஏட்டை இன்னொரு திசாவைக்கு விற்றுப் பணமாக்கும் வழக்கம் அம்முறையில் இல்லை. 1815இல் கண்டி பிரித்தானியர் வசமான பிறகும் சில காலம் நீடித்த இராசகாரியம், பிரித்தானிய ஆணையாளர் கோல்புறூக்கின் விசாரணையின் விளைவாக 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்திலிருந்து விடுபட்ட கண்டிச் சிங்கள விவசாயிகள் கூலிவேலைக்கு வந்துசேருவர் என்ற எதிர்பார்ப்பு ஆட்சியாளரிடம் இருந்தது. வயலும் சேனையும் வைத்திருந்த அவர்கள், காடு வெட்டும் ஒப்பந்த வேலைக்கு வந்தனரே தவிர, அன்றாடம் அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்கு நிற்க ஒருப்படவில்லை.

தோட்டங்களோ அதற்குள் தொடங்கிவிட்டிருந்தன. ஜோர்ஜ் பேர்ட் 1824இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் கோப்பி பயிரிட்டார்; ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் பேராதனைக்கு எதிரே கன்னொறுவையில் தமக்கெனத் தோட்டம் அமைத்தார். புசல்லாவை, ஹெவாஹெட்ட, மடுல்கலை, இரங்கலை எனக் காடுகள் அழிந்து கோப்பி பரவியபோது, ஆள் தேவையைத் தீர்த்தது தமிழகமே. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட வன்னிக் காடுகளின் ஊடாக நடந்து மாத்தளையை அடைந்து அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்தனர். வழியிலேயே வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் தொகை பெரிது. இவர்களை ஊரிலிருந்து கூட்டிவந்தவர் கங்காணி. அவரும் பெரும்பாலும் அதே ஊரினர், சில வேளைகளில் அதே சாதியினர் அல்லது உறவினர்.

கங்காணி வெறுங்கையோடு ஊருக்குப் போகவில்லை. ஆள் கூட்டிவருவதற்கெனத் தோட்டத்துரை கொடுத்த தொகை கரை முன்பணம் எனப்பட்டது. கரை என்பது இங்கே சோழமண்டலக் கரையைக் குறித்தது. ஊரில் அடைக்க வேண்டிய பழைய கடன், வழிச்செலவு, படகுக்கூலி, சாப்பாடு, மலைக்குளிருக்குக் கொடுத்த கம்பளி ஆகிய ஒவ்வொன்றும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறிற்று. ஆகவே தோட்டத்தில் முதல்நாள் வேலைக்கு நிற்கும்போதே அவர் கடனாளி. இக்கடன் ஒரே இடத்தில் எழுதப்பட்டதும் அன்று. தோட்டம் பெரிய கங்காணிக்குக் கொடுத்தது ஒரு கணக்கு. பெரிய கங்காணி தமக்குக் கீழிருந்த சில்லறைக் கங்காணிக்குக் கொடுத்தது இன்னொரு கணக்கு. சில்லறைக் கங்காணி தொழிலாளியிடம் சொன்னது மூன்றாவது. மூன்று கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை; பொருந்தாமல் இருப்பதே கங்காணிக்கு ஆதாயமாயிருந்தது. தோட்டம் கொடுத்தது போதாதபோது கங்காணிகள் நகரத்துச் செட்டிமாரிடமும் வட்டிக்கு வாங்கினர். அந்த வட்டியும் கடைசியில் இறங்கியது லயத்துக் குடும்பங்களின் தலையில்தான்.

கோப்பிக் காலத்தில் இந்தக் கணக்குக்கு ஓர் இயல்பான எல்லை இருந்தது. கோப்பி அறுவடை பருவத்துக்குரியது. பழம் பறித்து முடிந்ததும் பெருந்தொகையினர் ஊர் திரும்பினர். 1869இல் இலைத்துரு நோய் தோன்றி அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கிவைத்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆகையால் ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும், குறிப்பாகப் பெண்களின் கைகள். தொழிலாளர் குடும்பமாக வந்து லயத்திலேயே தங்கினர். ஆள் நிலையாகத் தங்கினால் ஆளைப் பற்றிய பதிவும் நிலைபெற வேண்டியதாகிறது. அவ்வாறு நிலைபெற்றதே செக்ரோல் என்னும் பெயர்ப் பேரேடு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் குறித்துக்கொள்வார்; முழுநாள் வேலை ஒரு பேர், குறைந்தது அரைப் பேர் என்பது தோட்டத்து வழக்கு. அன்று வேலைக்கு நின்ற ஒவ்வொரு தலைக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு என ஒரு சிறுதொகை கிடைத்தது. கொடுக்கப்பட்ட அரிசி, முன்பணம், கழிவு ஆகியவை அதே பெயருக்கு நேரே எழுதப்பட்டன. ஒரு மனிதரின் உழைப்பு, உணவு, கடன், வருகை ஆகிய நான்கும் ஒரே வரியில் சேர்ந்தபோது அந்த வரிக்கே ஒரு மதிப்பு உண்டாயிற்று.

துண்டின் வேலை இங்கிருந்து தொடங்குகிறது. ஒரு கங்காணி தம் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய தோட்டத்தின் துரை அவருக்கு ஒரு சிறு தாளை எழுதிக் கொடுப்பார். கங்காணியின் பெயர், அவருடைய கூட்டத்தின் ஆள்தொகை, அக்கூட்டம் தோட்டத்துக்குத் தர வேண்டிய கடன், அத்தொகை செலுத்தப்பட்டால் கூட்டம் விடுவிக்கப்படும் என்ற உறுதி, துரையின் கையொப்பம் ஆகியவையே அதன் சாரம். அத்தாளை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டங்களின் துரைமாரிடம் போவார். ஆள் பஞ்சம் உள்ள துரை கடன்தொகையைப் பழைய தோட்டத்துக்குச் செலுத்தி, கங்காணிக்குப் புதிய முன்பணமும் கொடுத்துக் கூட்டத்தை எடுத்துக்கொள்வார். செலுத்திய கடன், கொடுத்த முன்பணம் ஆகிய இரண்டையும் புதிய தோட்டம் கங்காணியின் பேரிலேயே எழுதிக்கொள்ளும். அடுத்தமுறை துண்டு எழுதப்படும்போது அத்தொகை இன்னும் பெரிதாயிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். 40 பேர் கொண்ட கூட்டத்தின் துண்டில் 2,000 ரூபாய் எழுதப்பட்டிருப்பதாகக் கொண்டால், தலைக்கு 50 ரூபாய். புதிய தோட்டம் அதைக் கட்டி, மேலும் 800 ரூபாய் முன்பணம் கொடுத்தால், தொழிலாளர் எவரும் ஒரு சதம்கூடக் கூடுதலாகச் செலவு செய்யாத நிலையிலும் தலைக்கு 70 ரூபாய் ஆகிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 33 சதம் அளவில் இருந்தது. 50 ரூபாய் என்பது ஏறத்தாழ 150 நாள் உழைப்பு, 70 ரூபாய் என்பது 210 நாளைத் தாண்டிய உழைப்பு. அந்த 800 ரூபாயில் எவ்வளவு ஆட்களின் கைக்குப் போயிற்று என்பது கங்காணியின் மனச்சாட்சியைப் பொறுத்தது. ஒருவர் இறந்தாலும் அவருடைய கடன் சாவதில்லை. குடும்பத்தாரின் கணக்கில் அது ஏற்றப்பட்டது.

துண்டில் தனித்தனி மனிதர் இல்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. செக்ரோலில் பெயரோடு நின்றவர், துண்டில் வெறும் எண்ணாகி, கூட்டத்தின் சராசரியில் கரைந்துபோனார். உடல் வலுவுள்ள கவ்வாத்துக்காரனும், கொழுந்தில் கைதேர்ந்த பெண்ணும், அரைக் கூலிக்குரிய சிறுவனும் தலைக்கு இவ்வளவு என்ற ஒரே வீதத்தில் பேசப்பட்டனர். துரைமார் தம்முள் பேசும்போதும் கூட்டத்தின் தரத்தைத் தலைக்கடனைக் கொண்டே மதிப்பிட்டனர். தலைக்கடன் குறைவான கூட்டம் மலிவானது, ஆகவே விரும்பத்தக்கது. தனி விவரத்தை அழித்துச் சராசரியாக்கி விற்பதில் அக்காலத் துண்டுக்கும் இக்காலத்து நுகர்வோர் பட்டியலுக்கும் வேறுபாடு அதிகமில்லை.

தோட்டக் கம்பனிகளின் ஐந்தொகையில், அதாவது ஆண்டிறுதியில் சொத்தையும் பொறுப்பையும் காட்டும் கணக்கில், கரை முன்பணம் சொத்தின் பக்கத்தில் இடம்பெற்றது. நிலம், தொழிற்சாலை, இயந்திரம் ஆகியவற்றோடு தொழிலாளர் பட்ட கடனும் கம்பனியின் உடைமையாக எண்ணப்பட்டது என்பது இதன் பொருள். இன்றைய பன்னாட்டுக் கணக்கியல் விதிகள் ஒரு நிறுவனம் தானே திரட்டிய வாடிக்கையாளர் பட்டியலைச் சொத்தாகக் காட்டுவதை அனுமதிப்பதில்லை. விலைகொடுத்து வாங்கிய பட்டியலையே காட்டலாம். மனிதரைப் பற்றிய பதிவுக்கு மதிப்பிடுவதில் அன்றைய தேயிலைக் கம்பனிகளின் கணக்காளர்களுக்கு இத்தகைய தயக்கம் இருக்கவில்லை.

அந்த மதிப்பை இன்றைய தரவுச் சந்தையின் மதிப்போடு வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஒருவருடைய வயது, பால், வசிப்பிடம் ஆகிய பொது விவரங்கள் தரகர்களிடம் ஆயிரம் பேருக்கு 50 அமெரிக்கச் சதம் என்ற விலையில் கிடைப்பதாக லண்டனின் பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் 2013இல் கணக்கிட்டது. தலைக்கு ஒரு சதத்தின் இருபதில் ஒரு பங்கு. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு ஒன்பது தரகு நிறுவனங்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றுள் ஒன்றிடம் மட்டும் ஏறக்குறைய ஒவ்வொரு அமெரிக்க நுகர்வோரைப் பற்றியும் 3,000 வகைக் கூறுகள் இருப்பதைக் குறித்தது. இவ்வளவு நுணுக்கமான பதிவு இவ்வளவு மலிவாகவும், இரண்டு மூன்று வரிகளே கொண்ட துண்டு ஐந்து மாதக் கூலிக்கு நிகராகவும் இருந்ததன் காரணம் விவரத்தின் அளவில் இல்லை. இன்றைய பட்டியலை வாங்குபவருக்குக் கிடைப்பது விளம்பரம் ஒன்றை ஒருவர் கண்முன் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு மட்டுமே. துண்டை வாங்கியவருக்குக் கிடைத்ததோ அந்த ஆளே. 2019ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் பேஸ்புக் நிறுவனம் அமெரிக்க, கனடியப் பயனர் ஒருவரால் 41 டொலருக்கு மேலும், ஆசிய பசிபிக் பகுதிப் பயனர் ஒருவரால் மூன்றரை டொலர் அளவிலும் வருவாய் பெற்றது. இருவரைப் பற்றியும் திரட்டப்படும் விவரம் ஏறத்தாழ ஒன்றேயாயினும், வாங்கும் சக்தி வேறு. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் துண்டின் விலையை நிர்ணயித்தது வாங்கும் சக்தி அன்று, தப்பிப்போக முடியாத நிலை.

துண்டுக்கு இலங்கையில் இன்று மிக நெருங்கிய உறவினர், கிரிப் என்றே வழக்கில் சொல்லப்படும் கொடுகடன் தகவல் பணியகம் எனலாம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இப்பணியகம், வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கொடுத்த கடன்களின் விவரத்தைத் திரட்டி, அடுத்துக் கடன் கொடுக்கப்போகும் நிறுவனத்துக்கு அறிக்கையாக வழங்குகிறது. எனினும் உறவு அந்த அளவோடு நின்றுவிடுகிறது. ஒருவர் தம்மைப் பற்றிய அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றி எவர் எதை வைத்திருந்தாலும் அதைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் ஒருவருக்கு உரிமை உண்டு எனக் கூறி, மீறுவோருக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணமும் விதிக்கிறது. செக்ரோலில் தம் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட தொழிலாளிக்கு அக்காலத்தில் கிடைத்திருக்கக்கூடிய மறுமொழியை ஊகிப்பது கடினமன்று.

துண்டால் துரைமாரும் நிம்மதியாக இருந்தாரல்லர். 1854இல் கண்டியில் அமைக்கப்பட்ட தோட்டத்துரைமார் சங்கம் பல ஆண்டுகளாக இதே பிரச்சினையோடு மல்லாடிற்று. ஒரு தோட்டம் கூடுதல் முன்பணம் காட்டி அயல் தோட்டத்தின் கூட்டத்தை இழுப்பதும், இழந்தவர் அடுத்தவரிடம் அதையே செய்வதும் வழமையாயின. தாழ்நிலத்தில் இரப்பர் பரவி, 1900க்குப் பிந்திய பத்தாண்டில் ஆள் தேவை திடீரெனப் பெருகியபோது போட்டி உச்சத்தை எட்டியது. மலாயாத் தோட்டங்களும் அதே தமிழகத்து ஊர்களில் ஆள் தேடின. தலைக்கடனுக்கு உச்சவரம்பு வைக்க உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. கூட்டத்தில் தலையாட்டியவர், கொழுந்து முற்றிப் பறிக்க ஆளின்றி நிற்கும்போது அவ்வுடன்படிக்கையை மறந்தார். துண்டு தீமை என்பதில் எல்லாத் துரைமாரும் ஒத்திருந்தனர். அடுத்த தோட்டத்துரை முதலில் அதைக் கைவிட வேண்டும் என்பதிலும் ஒத்திருந்தனர்.

பதிவின் பிழைகளுக்கு இன்னொரு பதிவால் பரிகாரம் தேடுவது நிர்வாகங்களின் இயல்பு. 1901 அளவில் புழக்கத்துக்கு வந்த டின் டிக்கெட் அத்தகையது. தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும், ஆளைக் குறிக்கும் தொடரெண்ணும் பொறிக்கப்பட்ட சிறு தகர வில்லை அது. புறப்படும் ஒவ்வொருவருக்கும் ஊரிலேயே அது கொடுக்கப்பட்டது, கழுத்தில் கயிற்றில் கோத்து அணிந்துகொண்டனர். அதைக் காட்டியே இரயிலும் கப்பலும் ஏறினர், நோய்த்தடுப்பு முகாமில் உணவு பெற்றனர். வழிச்செலவைப் பின்னர் உரிய தோட்டத்திடம் அறவிட்டுக்கொள்ள அந்த எண் போதுமானதாயிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில், 1904இல், துரைமார் சார்பில் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் திறக்கப்பட்டு, ஊர்களில் ஆள் திரட்டும் வேலையை ஒழுங்குபடுத்த முயன்றது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இரயிலும் கப்பலும் இணைந்த பின், 1917 முதல் மண்டபம் முகாமே வாசலாயிற்று. டின் டிக்கெட் வழியில் ஆள் களவு போவதைக் குறைத்தது. வழிச்செலவு ஒழுங்காகக் கணக்கிடப்பட்டது. ஒழுங்காகக் கணக்கிடப்பட்ட அச்செலவு ஒழுங்காகவே தொழிலாளியின் கடனில் சேர்ந்தது.

இவ்வளவுக்கும் அடியில் இருந்து தாங்கியது சட்டம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டத்தின்படி முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றம். பிடிபட்டவர் நீதவான் முன் நிறுத்தப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். கடனைக் கொடுக்காமல் போவது உரிமை வழக்கு. வேலையை விட்டுப் போவது குற்ற வழக்கு. இவ்விரண்டும் ஒரே ஆள்மீது சேர்ந்தபோதுதான் துண்டில் எழுதிய எண்ணுக்குப் பணப்பெறுமதி உறுதிப்பட்டது. துண்டு இல்லாமல் வந்த தொழிலாளியை இன்னொரு தோட்டம் சேர்த்துக்கொள்வதும் ஆபத்தானதாயிற்று. 1908இல் அரசு அமைத்த தொழிலாளர் ஆணைக்குழு முன் துரைமாரும் கங்காணிகளும் இக்கடன்முறை பற்றிச் சாட்சியம் அளித்தனர். அடுத்த ஆண்டின் சட்டம் கடனுக்காகத் தொழிலாளியைக் கைதுசெய்வதற்குத் தடை விதித்தது. துண்டு தொடர்ந்தது.

இதற்கு எதிராக எழுந்த குரல்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் குரல் தனித்து நிற்கிறது. அவர் பதிவாளர் நாயகமாக இருந்தவர். 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பை நடத்தியவர். ஆட்களை எண்ணுவதும் பதிவதும் எதற்கு உதவும், எதற்கு உதவக்கூடாது என்பதை இலங்கையில் அவரைவிட நன்கறிந்தவர் அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1915இல் சமூக சேவைக் கழகத்தையும், 1919இல் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தையும் தோற்றுவித்து, வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவுகளை நீக்கக் கோரினார். சென்னை அரசாங்கமும் அசையத் தொடங்கியிருந்தது. மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் இலங்கையிலும் மலாயாவிலும் இந்தியத் தொழிலாளர் நிலையை நேரில் ஆராய்ந்து 1917இல் அறிக்கை அளித்தனர். தொழிலாளரின் கடன்சுமை அதன் முக்கிய பொருள்களுள் ஒன்று. ஆள் அனுப்புவதை இந்தியா நிறுத்திவிடக்கூடும் என்ற அச்சம், நியாயத்தைவிட விரைவாகத் துரைமாரின் மனத்தை மாற்றியது என்று சொல்வதில் தவறில்லை.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டைத் தடைசெய்தது. வேலையை விட்டுப் போனமைக்குச் சிறை என்ற விதியையும் அகற்றியது. அரை நூற்றாண்டாக விலை ஏறிவந்த தாள் ஒரே சட்டத்தால் பெறுமதியற்றுப் போனமை, அதன் மதிப்பு எங்கே தங்கியிருந்தது என்பதைக் காட்டும் சான்று. தொழிலாளரைப் பற்றித் தோட்டங்கள் அறிந்திருந்த எதுவும் அன்று அழிந்துவிடவில்லை. பெயர், வயது, ஊர், குடும்பம், வேலைத்திறன் அனைத்தும் செக்ரோலில் அப்படியே இருந்தன. அழிந்தது அறிவு அன்று, பிடி. அடுத்த ஆண்டு இந்தியா குடிபெயர்வுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஆள் திரட்டும் செலவைத் தொழிலாளியின் கடனாக எழுதாமல், தோட்டங்கள் ஆள்தொகைக்கு ஏற்பச் செலுத்தும் பொது நிதியிலிருந்து ஈடுசெய்யும் முறை 1923 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக ஏஜெண்ட் ஒருவர் நியமிக்கப்பட்டு, அவரது அலுவலகம் கொழும்பில் அன்றிக் கண்டியிலேயே அமைந்தது. 1927ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாக வந்த குறைந்தபட்சக் கூலியைத் தோட்டங்கள் ஒழுங்காகக் கொடுக்கின்றனவா என்று பார்க்க, ஏஜெண்டும் தொழிற் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் புரட்டியது அதே செக்ரோலைத்தான். தொழிலாளிக்கு எதிராக இருந்த ஏடு, முதல்முறையாக அவர் சார்பில் சாட்சி சொல்லத் தொடங்கியது.

அச்சாட்சியத்தின் உண்மையான விலை தெரியவந்தது சுதந்திரத்துக்குப் பின். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இத்தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. ஆனால் 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இலங்கையில் இடைவிடாது வசித்ததை எண்பிக்க வேண்டும். எழுத்தறியாத தாய் தந்தையர், பதிவு செய்யப்படாத பிறப்புகள், தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய வாழ்க்கை ஆகியவற்றுக்கிடையே அந்தப் பத்தாண்டுக்கு எழுத்துச் சான்றாகப் பலருக்கு எஞ்சியிருந்தது செக்ரோலில் இருந்த பெயர்தான். அந்த ஏடு தோட்ட அலுவலகத்தில் இருந்தது. அதைத் தேடி எடுத்துச் சான்று எழுதிக் கொடுக்கக் கிளாக்கருக்கும் துரைக்கும் மனம் வர வேண்டும். ஊழியத்துக்கு நிற்காத நாட்களைக் கழிப்பதற்காகவே எழுதப்பட்ட கணக்கில், ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்காக ஊருக்குப் போன மாதங்கள் இடைவெளியாகத் தெரிந்தன. பெயர் ஓர் ஆண்டில் ஒருவிதமாகவும் அடுத்த ஆண்டில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தால் அது வேறு ஆளாயிற்று. தோட்டத்தின் வசதிக்காக எழுதப்பட்ட ஏடு, ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறாக வாசிக்கப்பட்டபோது ஏற்பட்ட விபரீதம் இது. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரசைகளாகப் பதிவு பெற்றவர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே.

எஞ்சியோரைப் பற்றி இரு அரசாங்கங்கள் பேசியபோது பழைய துண்டின் மொழியே வேறு வடிவில் திரும்பிவந்தது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனத் தொகை வகுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு எனப் பங்கிட்டது. 1974இல் அம்மீதியும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. கூட்டத்தின் பெயரால் எண்ணிக்கை பேசப்பட்டது, கூட்டத்தில் இருந்தவர் எவரும் கேட்கப்படவில்லை. ஏஜெண்டின் வழிவந்த கண்டி இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் கடவுச்சீட்டுப் பெற்ற குடும்பங்கள், கண்டிச் சீமைக்கு வந்த அதே தலைமன்னார், மண்டபம் வழியாகத் திரும்பின.

எண்ணிக்கைகள் ஒப்பந்தத்தின்படி நிறைவேறாமல் இழுபட்ட நிலையில், 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதிருந்த நாடற்றோர் தாமே சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்துப் பிரசாவுரிமையை நிலைநாட்ட இடமளித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்வழி வந்தோரையும் பிரசைகளாக ஏற்றுக்கொண்டது. ஒருவர் இந்நாட்டவர்தாமா என்று தீர்மானிக்கத் தோட்ட அலுவலகத்துக் கணக்கை ஆளுக்கு ஆள் புரட்டிப் பார்க்கும் வேலை அதோடு தேவையற்றுப்போனது.